ஒன்பதாம் பிரிவு: மேற்கு ஜெர்மனியில் நின்றுபோன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

ஆய்வின் பொருள்

1983 ஏப்ரல் 27 அன்று மேற்கு ஜெர்மனி முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற இருந்தது. அதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியிருந்தது, படிவங்கள் தயாராகிவிட்டன, வீடு வீடாகச் செல்ல லட்சக்கணக்கான கணக்கெடுப்பாளர்களைத் திரட்டும் வேலையும் முடியும் தறுவாயில் இருந்தது. குறித்த நாளுக்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கையில், ஏப்ரல் 13 அன்று, கார்ல்ஸ்ரூவ நகரில் உள்ள கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. நிர்வாகத் திறமைக்குப் பெயர்போன ஒரு நாட்டில், ஆயத்தம் எல்லாம் முடிந்த பிறகு கணக்கெடுப்பு நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, வேறொரு சட்டத்தின் கீழ், 1987 மே 25 அன்றுதான் அது நடந்தது. அதற்கடுத்த கணக்கெடுப்புக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படிவத்தில் இருந்த கேள்விகளைவிட, அவற்றுக்கான பதில்கள் பின்னர் எந்த மேசைக்குப் போகலாம் என்று அனுமதித்த ஒரேயொரு சட்டப்பிரிவுதான், அதாவது அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவுதான், இந்த நிகழ்வின் மையம் என்பது இதை எழுதுபவரின் கருத்து. அந்தக் கோணத்திலிருந்தே நிகழ்வு தொடக்கம் முதல் இங்கே பதிவு செய்யப்படுகிறது. வழக்குத் தொடுத்தவர்கள், படிவத்தை நிரப்ப மறுத்தவர்கள், வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர்கள் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

மேற்கு ஜெர்மனியில் 1950, 1961, 1970 ஆகிய ஆண்டுகளில் முழுக் கணக்கெடுப்புகள் பெரிய சர்ச்சையின்றி நடந்திருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளுக்கென, மக்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் கேள்வி கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று 1957 முதல் ஆண்டுதோறும் நடந்து வந்தது. அதில் விடுமுறைப் பயணம் குறித்துக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த ஒருவரின் வழக்கில், 1969இல் அதே அரசமைப்பு நீதிமன்றம் கேள்விகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மனிதர் ஒருவரை முழுமையாகப் பதிவுசெய்து பட்டியலிட அரசுக்கு உரிமை இல்லை என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னது. அந்த எச்சரிக்கையை அப்போது பெரிதாக யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மானிய ஏற்பாட்டில் தமிழ் வாசகருக்கு அதிகம் பழக்கமில்லாத ஒன்று உண்டு. அங்கே குடிவந்த ஒவ்வொருவரும் தம் முகவரியை உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். இந்தக் குடியிருப்புப் பதிவேட்டிலிருந்துதான் வாக்காளர் பட்டியல், அடையாள அட்டை எல்லாம் பிறக்கின்றன. பதிவேட்டில் பிழைகள் சேர்வதும் இயல்பே. புது ஊரில் பதிந்தவர் பழைய ஊரிலும் அப்படியே இருப்பார்; வெளிநாட்டுக்குத் திரும்பியவர் சொல்லாமலே போய்விடுவார்; வேறு சிலர் எங்குமே பதியாமல் வாழ்வார்கள். ஆள் இல்லாமல் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் பதிவுகளுக்கு ஜெர்மன் அலுவலக வழக்கில் ‘அட்டைப் பிணங்கள்’ என்று பொருள்படும் ஒரு சொல்லே இருக்கிறது. ஓர் ஊரின் மக்கள்தொகையை வைத்தே மாநில நிதிப் பகிர்வு கணக்கிடப்படுவதால், இந்தப் பிணங்களுக்குப் பண மதிப்பும் உண்டு.

இன்னொரு பின்னணி கசப்பானது. 1933ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு துளையிட்ட அட்டை இயந்திரங்களால் தொகுக்கப்பட்டது. 1939 மே 17ஆம் தேதிக் கணக்கெடுப்பில் வழக்கமான படிவத்தோடு துணை அட்டை ஒன்றும் தரப்பட்டது. தாத்தா பாட்டி நால்வரில் யாராவது யூத இனத்தவரா என்று அது கேட்டது. அந்த அட்டையை உறையிலிட்டு மூடித் தரும்படி சொல்லப்பட்டது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும், ஏனெனில் உறை இந்த வரலாற்றில் மறுபடியும் வரும். நாடுகடத்தல் பட்டியல்கள் அந்த அட்டைகளிலிருந்து எந்த அளவுக்கு நேரடியாகத் தயாராயின என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், எண்ணப்படுவதும் குறிவைக்கப்படுவதும் ஒன்றுதான் என்ற அச்சம் அந்தத் தலைமுறையின் மனத்தில் நின்றுவிட்டது. நெதர்லாந்திலும் இதே நினைவு 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு எதிரான கிளர்ச்சியாக வெடித்தது. வீடு வீடாகச் செல்லும் முறையில் அந்நாடு நடத்திய கடைசிக் கணக்கெடுப்பு அதுவே.

மூன்றாவது பின்னணி சமகாலத்தது. 1970களின் இறுதியில் தீவிரவாதக் குழுக்களைத் தேடிய கூட்டாட்சிக் குற்றப் புலனாய்வுத் துறை, பதிவேடுகளை ஒன்றோடொன்று கணினியில் மோதவிட்டு ஆள் பிடிக்கும் முறையைக் கையாண்டது. 1979இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் மின்கட்டணத்தை வங்கி வழியாகச் செலுத்தாமல் ரொக்கமாகக் கட்டுவோரின் பட்டியலை எடுத்து, குடியிருப்புப் பதிவேடு முதலிய பிற பதிவேடுகளில் பெயருள்ளவர்களை ஒவ்வொருவராக அதிலிருந்து நீக்கினார்கள். பல்லாயிரம் பெயர்களில் இறுதியில் மிஞ்சியவை இரண்டு. தேடப்பட்டவர் அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் இருந்தார். காவல்துறைக்கு அது வெற்றி. குடியிருப்புப் பதிவேட்டுக்கும் தேடுதலுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு குறுகியது என்பதைப் பொதுமக்களுக்குக் காட்டிய சம்பவமும் அதுவே.

திட்டமும் சட்டமும்

அடுத்த கணக்கெடுப்பு முதலில் 1981க்குத் திட்டமிடப்பட்டது. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற தகராறில் அது தள்ளிப்போய், 1982 மார்ச் 25 அன்று சட்டம் வந்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி, மணநிலை, மதக் குழு உறுப்புரிமை, குடியுரிமை, பிழைப்புக்கான வருவாய் எங்கிருந்து, படிப்பு, வேலை செய்யும் இடம், அங்கே எந்த வாகனத்தில் எவ்வளவு நேரத்தில் போகிறார், வீட்டின் பரப்பு, வாடகை, சூடேற்றும் முறை எனக் கேள்விகள் அமைந்தன. பிற நாட்டுப் படிவங்களோடு ஒப்பிட்டால் இவற்றில் திடுக்கிட வைப்பது எதுவும் இல்லை. இந்தியப் படிவம் பிள்ளைப்பேறு பற்றிக் கேட்பதை நினைத்தால், இது கூச்சமான படிவம் என்றுகூடச் சொல்லலாம்.

சிக்கல் 9ஆம் பிரிவில் இருந்தது. கணக்கெடுப்பில் கிடைக்கும் விவரங்களை உள்ளாட்சி அலுவலகங்கள் தம் குடியிருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பதிவேட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்றது அதன் முதல் உட்பிரிவு. அப்படித் தெரியவரும் செய்தியை அந்த நபருக்கு எதிரான நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகமும் அங்கேயே இருந்தது. அடுத்த உட்பிரிவுகள், பெயரை நீக்கிவிட்டுத் தனிநபர் விவரங்களை மத்திய, மாநில அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சித் திட்டமிடலுக்கும் அனுப்ப இடம் தந்தன.

இந்த முடிவை எடுத்தவர்கள் தீய எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. எல்லா வீட்டுக் கதவையும் தட்டும் வாய்ப்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. பெரும் செலவில் போகும் அந்தப் பயணத்திலேயே பதிவேட்டையும் சரிசெய்துவிட்டால் என்ன என்பது எந்த நிர்வாகிக்கும் தோன்றும் சிக்கன யோசனைதான். செலவைச் சுமக்கும் உள்ளாட்சிகளுக்கும் கைமேல் ஏதாவது பலன் வேண்டியிருந்தது. ஆனால் பதிவேட்டில் இல்லாத ஒருவர் கணக்கெடுப்பில் அகப்பட்டுப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட பிறகு, அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பதை எந்த அலுவலரும் மறந்துவிட முடியாது. ‘எதிரான நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற வாசகம் அச்சிட்ட தாளில் மட்டுமே இயங்கும் பாதுகாப்பு. சில ஊர்களில் பதிவேட்டில் இல்லாத ஆள்களைக் கண்டுபிடித்துத் தரும் கணக்கெடுப்பாளருக்குத் தலைக்கு இவ்வளவு என்று சிறு ஊக்கத்தொகையும் பேசப்பட்டது. கணக்கெடுக்க வருபவர் ஆளைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குபவராக மாறிப்போனார் என்ற பேச்சு பரவ அந்தச் சில்லறைத் தொகையே போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பின் தொடக்கத்தில் காணப்பட்டவை

1982 முழுவதும் அமைதியாகவே கழிந்தது. 1983இன் தொடக்கத்தில், சில வாரங்களுக்குள், நாடெங்கும் புறக்கணிப்புக் குழுக்கள் முளைத்தன. காலத்தின் தற்செயல்களும் சேர்ந்துகொண்டன: நாஜிக்கள் ஆட்சியைப் பிடித்து ஐம்பது ஆண்டு நிறைவு அந்த ஜனவரியில்தான் வந்தது, அமெரிக்க ஏவுகணைகளை நாட்டில் நிறுவுவதற்கு எதிரான அமைதி இயக்கம் தெருவில் இருந்தது, மார்ச் 6ஆம் தேதித் தேர்தலில் பசுமைக் கட்சி முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது, அடுத்து வரப்போவது 1984 என்பதே, எல்லோரையும் கண்காணிக்கும் அரசைச் சித்திரித்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை எல்லோருக்கும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பாளர்கள் ஒரே வகையினர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. முகவரிப் பதிவு இல்லாமல் கூட்டு வீடுகளில் வாழ்ந்த இளைஞர்கள் இருந்தார்கள். மறுபுறம், எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ளாத வழக்கறிஞர்களும், தரவுப் பாதுகாப்பைத் தொழிலாகக் கொண்ட அதிகாரிகளும், 1939ஐ நேரில் கண்ட முதியவர்களும் இருந்தார்கள். முன்னவர்கள் கேள்விகளையே எதிர்த்தார்கள். பின்னவர்களில் பலர் 9ஆம் பிரிவை எடுத்துவிட்டால் படிவத்தை நிரப்பத் தயாராக இருந்தார்கள். அரசு இந்த வேறுபாட்டைக் காணவில்லை, அல்லது கண்டும் பொருட்படுத்தவில்லை. நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறிய சட்டத்தைத் தெருவில் விவாதிக்க என்ன இருக்கிறது என்ற தோரணையிலேயே பதில்கள் வந்தன. பதில் சொல்வது கட்டாயம், மறுத்தால் அபராதம் என்பதே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இந்த நிகழ்வில் நான் பெரிய பிழையாகக் கருதுவது சட்டத்தை எழுதிய நாளில் நடந்ததைவிட இந்த வாரங்களில் நடந்ததைத்தான். ஏனெனில் பிரிவைத் திருத்த அப்போதும் காலம் இருந்தது.

நீதிமன்றத்தின் இரண்டு முடிவுகள்

அரசமைப்பு நீதிமன்றத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஹாம்பர்க் நகரத்துப் பெண் வழக்கறிஞர்கள் இருவர் தாக்கல் செய்த மனு பெரிதும் பேசப்பட்டது. ஏப்ரல் 13ஆம் தேதி இடைக்காலத் தடைக்கு நீதிமன்றம் பின்பற்றிய அளவுகோல் எளிமையானது. கணக்கெடுப்பை இப்போது நிறுத்திப் பின்னர் சட்டம் செல்லும் என்று தெரிந்தால், நட்டமாவது பணமும் நேரமும். நடத்திவிட்டுப் பின்னர் சட்டம் செல்லாது என்று தெரிந்தால், தெரிந்துவிட்ட விவரத்தைத் தெரியாததாக்க வழியில்லை. இந்த இரண்டையும் தராசில் வைத்தே தடை பிறந்தது.

அக்டோபர் 18, 19 தேதிகளில் வாய்மொழி விசாரணை நடந்தது. 1983 டிசம்பர் 15 அன்று, நீதிமன்றத் தலைவர் எர்ன்ஸ்ட் பெண்டா தலைமையிலான முதல் அமர்வு தீர்ப்பளித்தது. இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ‘தகவல் சுயநிர்ணய உரிமை’ என்ற கருத்து அந்தத் தீர்ப்பில்தான் அரசமைப்பு உரிமையாக நிலைபெற்றது. தம்மைப் பற்றிய விவரங்களை வெளியிடுவதும் பயன்படுத்துவதும் குறித்து அடிப்படையில் அவரவரே முடிவு செய்ய வேண்டும் என்ற அந்த உரிமை, ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தில் தனிச் சரத்தாக எழுதப்பட்டதன்று. மனித மாண்பைப் பேசும் 1ஆம் சரத்தையும் ஆளுமை வளர்ச்சியைப் பேசும் 2ஆம் சரத்தையும் சேர்த்துப் படித்து நீதிமன்றம் வருவித்தது.

தீர்ப்பின் காரணங்களில் இரண்டு கணக்கெடுப்புத் துறைக்கு நேரடியாகப் பொருந்தும். முதலாவது, கணினிக் காலத்தில் ‘அற்பமான தகவல்’ என்று ஒன்று கிடையாது என்பது. தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத விவரம், வேறொரு பதிவேட்டோடு இணையும்போது புதிய பொருளைப் பெறுகிறது. ரொக்கமாகக் கட்டிய மின்கட்டணம் அப்படித்தான் பொருள் பெற்றது. இரண்டாவது, தம்மைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று அறிய முடியாத குடிமகன் தன்னைத் தானே அடக்கிக்கொள்வான் என்பது. ஒரு கூட்டத்துக்குப் போனது பதிவாகும் என்று எண்ணுகிறவர், கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடலாம் என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

பரவலாகத் தவறவிடப்படும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் கணக்கெடுப்பைத் தவறென்று சொல்லவில்லை. கேள்விகளின் தொகுப்பும், கட்டாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் செல்லும் என்றே அது கருதியது. புள்ளிவிவரம் என்பது பிற்காலத்தின் எந்தத் தேவைக்குப் பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது. ஆகவே அதற்குப் பல்நோக்கில் விவரம் திரட்டும் சலுகை தேவை என்பதையும் அது ஏற்றது. ஆனால் அந்தச் சலுகைக்கு விலையாக, திரட்டிய விவரம் தனிநபர் வடிவில் நிர்வாகத்துக்குத் திரும்பவே கூடாது என்ற நிபந்தனையை வைத்தது. பதிவேட்டோடு ஒப்பிடுதல், துறைகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் தனிநபர் விவரங்களை அனுப்புதல் ஆகிய உட்பிரிவுகள் செல்லாதவையாயின. அறிவியல் ஆய்வுக்கான உட்பிரிவு தப்பியது. ஒரே படிவம் ஒரே நேரத்தில் புள்ளிவிவரத்துக்கும் நிர்வாகத்துக்கும் சேவை செய்ய முயன்றால், இரண்டுமே கெடும் என்பது இதன் சாரம்.

நீதிமன்றம் நடைமுறையிலும் இறங்கியது. கணக்கெடுப்பாளரைத் தம் குடியிருப்புக்கு அருகிலேயே பணியமர்த்தக் கூடாது. தொழில் காரணமாக ஆதாயமோ முரண்பாடோ உள்ளவரை அனுப்பக் கூடாது. நிரப்பிய படிவத்தைக் கணக்கெடுப்பாளர் பார்க்காதபடி உறையிலிட்டு ஒட்டித் தரவோ அனுப்பவோ வழி இருக்க வேண்டும். ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகள் தனியே வைக்கப்பட்டு, இயன்ற விரைவில் அழிக்கப்பட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கையில் நம் வீட்டு விவரம் போவதை எந்த ஊரில்தான் விரும்புவார்கள்? இவை பெரிய தத்துவங்கள் அல்ல. ஆயினும் வாசலில் நிகழ்வதை அறிந்தவர் எழுதிய வரிகள்.

மறுவடிவமும் 1987ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும்

1985 நவம்பர் 8 அன்று புதிய சட்டம் வந்தது. பதிவேட்டுத் திருத்தம் முழுவதும் நீக்கப்பட்டது. உள்ளாட்சிகளில் கணக்கெடுப்புக்கெனத் தனி அலுவலகங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் அறையும் பணியாளரும் பிற துறைகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டன. உறை வந்தது. நீதிமன்றம் கேட்ட மாற்றங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது.

எதிர்ப்பு ஓயவில்லை, 1987இல் அது 1983ஐவிடக் கூர்மையாகத் திரும்பியது. ‘ஆடுகளைத்தான் எண்ணுவார்கள்’ என்ற முழக்கம் சுவரெங்கும் இருந்தது. ‘எல்லோருக்கும் உதவும் பத்து நிமிடம்’ என்ற அரசு விளம்பரம் கேலிக்குள்ளானது. படிவத்தில் அச்சிட்டிருந்த வரிசை எண் ஆளை அடையாளம் காட்டும் என்பதால், அந்த மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு வெற்றுப் படிவத்தைத் திருப்பித் தரும்படி துண்டறிக்கைகள் சொல்லிக்கொடுத்தன. படிவம் அரசின் சொத்து, அதை வெட்டத் தூண்டுவது பொருட்சேதத்துக்குத் தூண்டுதல் என்று வழக்குகள் பாய்ந்தன. கட்சி அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன. ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் காவல்துறை வருவதைப் பார்த்தவர்களுக்கு, ‘உங்கள் விவரம் காவல்துறைக்குப் போகாது’ என்ற உறுதிமொழி எப்படி ஒலித்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

டார்ட்முண்ட் கால்பந்து அரங்கில் நடந்ததையும் குறிப்பிட வேண்டும். முக்கியமான ஆட்டம் ஒன்றுக்கு முன்பு, கணக்கெடுப்பைப் புறக்கணித்து முறியடிக்கும்படி யாரோ புல்தரையில் பெரிய வெள்ளை எழுத்துகளில் எழுதிவிட்டார்கள். ஆட்டம் தொடங்குவதற்குள் அழிக்க முடியவில்லை. எனவே அதன் முன்னால் ‘குடியரசுத் தலைவர்:’ என்பதையும், வாக்கிய முடிவில் எதிர்மறைச் சொல்லையும் சேர்த்து, புறக்கணிக்க வேண்டாம் என்று அவர் வேண்டுவதாக மாற்றிவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது அன்றைக்கு அரசுக்குக் கைகொடுத்தது.

கோரிக்கை நிறைவேறிய பிறகும் எதிர்ப்பு ஏன் தொடர்ந்தது என்பதே இந்த நிகழ்வில் ஆழ்ந்து பார்க்க வேண்டிய கேள்வி. இயந்திரத்தால் படிக்கக்கூடிய புதிய அடையாள அட்டை அதே 1987 ஏப்ரல் 1 முதல் வழங்கப்படத் தொடங்கியது ஒரு காரணம். புதிய சட்டத்தில் எது மாறியது என்பதைவிட, மறுத்தால் 10,000 மார்க் வரை அபராதம் என்பதே மக்கள் காதில் விழுந்தது இன்னொன்று. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில், முதல் சட்டத்தில் ஒளிந்திருந்ததைத் தாமே கண்டுபிடித்தவர்கள், இரண்டாவது சட்டத்தில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று அரசு சொல்வதை நம்ப மறுத்தார்கள். நீதிமன்றம் பிரிவை நீக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்தப் பிரிவு விதைத்த ஐயம் நான்கு ஆண்டுகளிலும் நீங்கவில்லை.

இருந்தும் பெரும்பான்மையோர் படிவத்தை நிரப்பித் தந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 6 கோடியே 11 லட்சம் என்று தெரிந்தது. அதுவரை புழங்கிய மதிப்பீட்டைவிட வீடுகளின் எண்ணிக்கை சுமார் 10 லட்சம் குறைவு என்பதும் வெளிப்பட்டது. ஒரு நாடு தன்னிடம் இல்லாத 10 லட்சம் வீடுகளை இருப்பதாக நினைத்து வீட்டுவசதிக் கொள்கை வகுத்துக்கொண்டிருந்தது என்றால், கணக்கெடுப்பை நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எதிர்த்தவர்களும் மறுக்க முடியாது.

அதன் பின் நடந்தவை

1987ஆம் ஆண்டு அனுபவத்துக்குப் பின் எந்த அரசும் அந்த வாசற்படியை மறுபடி மிதிக்கத் துணியவில்லை. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. கிழக்கில் கடைசிக் கணக்கெடுப்பு 1981இல் நடந்திருந்தது. இணைந்த நாட்டின் மக்கள்தொகை, பழைய இரு எண்களோடு பிறப்பு, இறப்பு, குடிபெயர்வைக் கூட்டிக் கழித்தே சொல்லப்பட்டு வந்தது.

2011 மே 9ஆம் தேதிக் கணக்கெடுப்பு வேறு வழியில் நடந்தது. டென்மார்க் 1981இலேயே முழுக்கப் பதிவேடுகளைக் கொண்டு கணக்கெடுப்பை நடத்திக் காட்டியிருந்தது; ஜெர்மனி பாதி வழி போனது. குடியிருப்புப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு, வீட்டு உரிமையாளர்களிடம் அஞ்சலில் கேட்டு, மக்களில் சுமார் பத்தில் ஒருவரை மாதிரியாக நேரில் கண்டு, பதிவேட்டின் பிழையை மதிப்பிட்டார்கள். 1983இல் விவரம் கணக்கெடுப்பிலிருந்து பதிவேட்டுக்குப் போக இருந்தது. 2011இல் பதிவேட்டிலிருந்து கணக்கெடுப்புக்கு வந்தது. இது ஒருவழிப் பாதை. உள்ளே வந்தது வெளியே போகக் கூடாது.

விளைவு 8 கோடியே 2 லட்சம். இருப்பதாக நினைத்ததைவிடச் சுமார் 15 லட்சம் குறைவு. குறைந்தவர்களில் பெரும்பகுதியினர், ஏறத்தாழ 11 லட்சம் பேர், வெளிநாட்டவர். நாடு திரும்பியபோது பதிவை நீக்காமல் போனவர்கள். பெர்லின் மட்டும் சுமார் 1,80,000 பேரை இழந்தது. நிதிப் பகிர்வில் அதன் பங்கும் அதற்கேற்பச் சுருங்கியது. இங்கேதான் 1983இன் தீர்ப்பு தன் மறுபக்கத்தைக் காட்டியது. ‘எங்கள் பதிவேட்டில் யார் யார் இல்லாத ஆள் என்று சொல்லுங்கள், நீக்கிவிடுகிறோம்’ என்று நகராட்சிகள் கேட்டால், புள்ளியியல் அலுவலகத்தால் சொல்ல முடியாது. எத்தனை பிணங்கள் என்று சொல்லலாம்; எந்தெந்த அட்டை என்று சொல்லக் கூடாது. பெர்லினும் ஹாம்பர்க்கும் கணக்கிட்ட முறையை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. பெரிய ஊர்களுக்கு ஒரு திருத்த முறையும், 10,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு வேறொன்றும் கையாளப்பட்டது அவற்றின் குறை. 2018 செப்டம்பர் 19 அன்று அரசமைப்பு நீதிமன்றம் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2022 மே 15 அன்று நடந்த அடுத்த கணக்கெடுப்பிலும் இதே காட்சிதான்: 8 கோடியே 27 லட்சம், எதிர்பார்த்ததைவிடச் சுமார் 14 லட்சம் குறைவு.

அட்டைப் பிணங்களை அடையாளம் தெரிந்தும் உயிரோடு விட்டுவைப்பது நிர்வாகப் பார்வையில் அபத்தம்தான். ஆனால் பிரிட்டனின் 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கணக்கெடுப்பு விவரத்தை வேறு துறைக்குத் தர எந்தச் சட்டப்பிரிவும் இல்லை. தலைவரி மட்டும் அப்போது நடப்பில் இருந்தது. வரிக்காரர் கண்ணில் படாமல் இருக்க விரும்பியவர்கள் கணக்கெடுப்பிலும் காணாமற்போனார்கள் என்று பரவலாகக் கருதப்பட்டது. விடுபட்டோர் எண்ணிக்கை ஏறத்தாழ 10 லட்சம். அவர்களில் இளம் ஆண்கள் மிகுதி. விவரம் கசியும் என்ற சந்தேகமே எண்ணைக் கெடுக்கப் போதுமானது எனில், கசிவதற்கென்றே ஒரு பிரிவை எழுதிவைத்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கணக்கெடுப்பு நடந்திருந்தால், அதில் கிடைக்கும் எண்ணை எவ்வளவு நம்பியிருக்க முடியும்?

மாற்ற வேண்டியவை

9ஆம் பிரிவைத் தனிச் சட்டமாகக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதே முதலில் தோன்றுவது. குடியிருப்புப் பதிவேட்டைச் சரிசெய்வது நியாயமான தேவைதான். அதற்கென உள்ளாட்சி தன் பெயரில், தன் பணியாளரைக் கொண்டு வீடு வீடாகச் சென்றிருந்தால், கதவைத் திறப்பவருக்குத் தாம் யாரிடம் பேசுகிறோம் என்பது தெரிந்திருக்கும். சட்டம் ஒருமனதாக நிறைவேறியதை ஆதரவின் அடையாளமாக எண்ணியதும் தவறு. எதிர்ப்பில்லாத சட்டம் யாரும் படித்துப் பார்க்காத சட்டமாகவும் இருக்கலாம். தலைக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

இந்தியாவுக்கு இது தொலைவான செய்தி அன்று. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, அவை நீதிமன்றத்தில் சாட்சியமாகா என்று திட்டமாகச் சொல்கிறது. ஜெர்மனி 1983இல் தேடிக் கண்ட மதிலின் ஒரு பகுதி இங்கே முன்பே எழுப்பப்பட்டிருந்தது. ஆனால் 2010இல் வீட்டுப் பட்டியல் தயாரிக்க வந்த அதே பள்ளி ஆசிரியர், அதே வாசலில் நின்று, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கான படிவத்தையும் நிரப்பினார். அந்தப் பதிவேடு குடியுரிமைச் சட்ட விதிகளின் கீழ் வருவது. 15ஆம் பிரிவின் காவல் அதற்கு இல்லை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அறிவித்த பின்னும், இரண்டு காகிதங்களுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு கதவைத் திறப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாட்டின் அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இம்முறை விவரங்கள் காகிதத்தில் அல்லாமல் கைப்பேசிச் செயலியில் ஏறப்போகின்றன.

ஆகவே பயிற்சி வகுப்பில் மாற்ற வேண்டியது ஒன்றுண்டு. ‘இதெல்லாம் எதுக்கு சார், ரேஷன் கார்டை எடுத்துடுவாங்களா?’ என்ற கேள்வியை நம் ஊர்க் கணக்கெடுப்பாளர்கள் வாசலுக்கு வாசல் எதிர்கொள்கிறார்கள். கையேட்டில் வீட்டு எண் இடும் முறைக்குப் பல பக்கம் ஒதுக்குபவர்கள், இந்தக் கேள்விக்கான விடையை முதல் பக்கத்திலேயே, ஆசிரியர் அப்படியே படித்துக்காட்டக்கூடிய இரண்டு வரியில், அச்சிட வேண்டும். அந்த இரண்டு வரியை உண்மையாக எழுத முடிகிறதா என்பதைப் படிவம் அச்சுக்குப் போகும் முன்பே சோதித்துவிடலாம். மேற்கு ஜெர்மனியில் 1983 மார்ச்சில் ஒரு மூதாட்டி, ‘இது பதிவேட்டு அலுவலகத்துக்குப் போகுமா?’ என்று கேட்டிருந்தால், கணக்கெடுப்பாளர் சொல்லியிருக்கக்கூடிய நேர்மையான பதில் ‘ஆம், போகும்’ என்பதுதான்.